வீசிங்: சத்தத்துக்குச் செய்யும் வைத்தியம்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரல் பக்கத்துப் பெரியவர்கள் 'இழுப்பு' என்பார்கள். பிள்ளை வளர்ப்பவர்கள் 'வீசிங்' என்பார்கள். ஒன்று ஆஸ்துமா படுத்தும் பாட்டின் பேர், மற்றது அது போடும் சத்தத்தின் பேர். சத்தம் அடங்கியதும் நோயே போய்விட்டதாக நம்மை நினைக்கவைப்பதில் இந்தப் பேர்களுக்கும் பங்குண்டு என்பது என் வாதம்.

நள்ளிரவில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நெபுலைசர் வைக்க ஓடுகிறார்கள். முகமூடிக்குள் மருந்து புகையாய்ச் சுழல, சிறிது நேரத்தில் விலா உள்வாங்குவது நிற்கிறது. அந்த மருந்தான சால்புடமால் மூச்சுக்குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்திவிட்டது. குழாயின் உள்வீக்கத்தை அது தொடவே இல்லை.

அந்த வீக்கத்தைப் புரிந்துகொள்ள வெள்ளம் புகுந்த வீட்டைப் பார்க்கலாம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தாலும் சுவரின் ஈரம் லேசில் வடியாது. வெள்ளையடித்த பிறகும் பீரோவை நகர்த்தினால் பின்னால் பூஞ்சை கறுத்துப் பூத்திருக்கும். அதன் வித்துகள் பட்டதும் மூச்சுக்குழாயின் உட்படலம் டி.எஸ்.எல்.பி. என்ற புரதத்தைச் சுரந்து சேதி அனுப்புகிறது. பின்னாலேயே வரும் இன்டர்லூக்கின்களில் 4 ஒவ்வாமைக்கான எதிர்ப்பொருளாகிய ஐ.ஜி.ஈ.யைப் பெருக்குகிறது, 5 ஈசினோஃபில் அணுக்களைத் திரட்டுகிறது, 13 சளியைக் கூட்டுகிறது. பிள்ளை ஓடி விளையாடும் நாளிலும் இது உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். (எல்லா ஆஸ்துமாவும் இந்த வகை அல்ல, விறகடுப்புப் புகையின் இழுப்பு பலருக்கு வேறு வழியில் போகிறது.)

இந்த வீக்கத்தை மூட்டுவது உடலின் எதிர்ப்பாற்றல்தான். அதைக் குறிவைக்கும் மருந்து என்றதும் ஊசிதான் நினைவுக்கு வருகிறது. ஐ.ஜி.ஈ.யைப் பிடித்துக்கொள்ளும் ஒமாலிசுமாப் 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2024இல் வெளியான பிரிட்டனின் 'ஆப்ரா' ஆய்வு, ஈசினோஃபில் ஏறிய ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிகள் 158 பேருக்குத் தாக்குதல் நேரத்திலேயே சிகிச்சையை ஒப்பிட்டது. ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 74 சதவீதத்தினருக்கு 90 நாளுக்குள் சிகிச்சை தோற்றது. ஈசினோஃபிலைக் குறிவைக்கும் பென்ரலிசுமாப் ஊசி போட்டவர்களில் 45 சதவீதம். மாத்திரையை வாழ்நாளில் நான்கைந்து சுற்று எடுத்தாலே சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை ஆபத்து கூடுவதால் இது பெரிய செய்திதான்.

ஆனால் வாழை போட்டுப் பிழைப்பவருக்கு அந்த ஊசியின் விலை கட்டாது. பெரும்பாலோருக்கு அது தேவையும் இல்லை. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலுக்கான மருந்தே. அதே இன்டர்லூக்கின்களின் உற்பத்தியை மைக்ரோகிராம் அளவில் அங்கேயே அடக்குகிறது. பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் சால்புடமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டியான 'ஜினா' 2019இலேயே சொல்லிவிட்டது. பூடசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த பஃப்பில், தசை தளரும் அதே மூச்சில் வீக்கத்துக்கும் மருந்து போகிறது.

'பஃப் பழகிவிடும்' என்று பயப்படுபவர்கள் பயப்படவேண்டியது சால்புடமால் மட்டும் உள்ள நீல பஃப்புக்குத்தான். வீக்கம் வளர வளர அதைத்தான் கை அடிக்கடி தேடும். 200 முறை அடிக்கும் நீல பஃப் ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே தாக்குதல் ஆபத்து கூடுதல். பன்னிரண்டு தீர்ந்தால் உயிராபத்தும் கூடுதல். யாருக்கு எத்தனை தீர்ந்தது என்ற கணக்கு, ஏரல் கடைத்தெருவில் மருந்துக்கடைக்காரரின் பில் புத்தகத்தில் இருக்கிறது.