கொள்ளிடத்தின் வடகரையில் ஓர் அடைக்கலம்



கத்தோலிக்க நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று, ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை ஆலயத் தேர்த்திருவிழாவைக் காணச் சென்றிருந்தேன். அரியலூரின் சிமெண்ட் லாரிகள் எழுப்பும் புழுதியைக் கடந்து, திருமானூர் வட்டாரத்தை அடைந்ததும் பேருந்து ஊர்ந்தே சென்றது. சாலையோரமெங்கும் நடைபயணமாக வந்த குடும்பங்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. அவர்களில் கிறிஸ்தவரல்லாதோரும் பலர் இருந்தனர்.

கூட்ட நெரிசலில் மூச்சுத் திணறி ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கினேன். முன்பே அங்கு ஏழெட்டுப் பேர் அமர்ந்திருந்தனர். அவ்வீட்டு மூதாட்டி, "உள்ளே வாங்க ஐயா, நிழல்ல உக்காருங்க" என்று பாய் விரித்து, செம்பில் தண்ணீர் தந்தார். எந்த ஊர், எந்தச் சபை என்று அவர் வினவவில்லை. திருவிழா நாட்களில் தம் வாசல் தமக்குச் சொந்தமில்லை என்று சொல்லிச் சிரித்தார். இரவில் ஒளி விளக்குகளோடு தேர் அசைந்து வந்தபோதும், என் மனம் அந்தப் பாயிலேயே நின்றது.

அவ்வூரின் வரலாறும் அப்படிப்பட்டதே. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொள்ளிடத்திற்குத் தெற்கே தஞ்சை மராட்டியரின் ஆட்சி நடந்தது. வடக்கே அரியலூர் மழவராயர்களின் பாளையம் இருந்தது. தஞ்சைச் சீமையில் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஆற்றைக் கடந்து இக்கரையில் புகலிடம் கண்டனர். அதனால் இவ்வூருக்குத் திருக்காவலூர் என்னும் பெயரும் பொருந்திற்று.

இங்கு ஆலயம் எழுப்பிப் பணியாற்றியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயேசு சபைத் துறவி, 1710இல் கோவாவில் வந்திறங்கி, பின்பு தமிழகத்திற்கு வந்தார். தேம்பாவணி என்னும் காப்பியத்தையும் சதுரகராதியையும் இயற்றிய அவர், இவ்வூரின் பெயரிலேயே திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். எகர ஏகாரங்களின் வரிவடிவ வேறுபாட்டை அவர் சீர்படுத்தினார் என்பர். ஏலாக்குறிச்சி என்னும் ஊர்ப்பலகையின் முதலெழுத்தே அவரை நினைவூட்டுகிறது. அரியலூர் ரங்கப்ப மழவராயரை வாட்டிய ராஜபிளவை, முனிவரின் மருத்துவத்தாலும் ஜெபத்தாலும் நீங்கியதென்றும், நன்றியாக அவர் ஆலயத்திற்கு நிலம் வழங்கினாரென்றும் ஆலய வரலாறு கூறுகிறது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். அடைக்கலம் தேடியவர்கள் கிறிஸ்தவர்கள். அளித்தவரோ கிறிஸ்தவரல்லாத ஒரு பாளையக்காரர்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியின் வழியில் வந்த சபை நம்முடையது. அந்த லுத்தரன் ஊழியர்களைக் கடுமையாக மறுத்து நூல்கள் எழுதியவர் வீரமாமுனிவர். ஆயினும் கொடுந்தமிழைக் குறித்து அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணத்தை, 1738இல் அச்சிட்டு வெளியிட்டது தரங்கம்பாடி மிஷன் அச்சகமே. தங்களை எதிர்த்தவரின் நூலுக்கு அவர்கள் தங்கள் அச்சுப்பொறியில் இடமளித்தார்கள். கருத்து வேறுபாடு மறையவில்லை. கதவு மட்டும் திறந்தது.

வேதாகமத்தில் அடைக்கலப்பட்டணங்கள் ஆறு. எண்ணாகமம் 35ஆம் அதிகாரத்தின்படி, யோர்தானுக்கு இப்புறம் மூன்றும் அப்புறம் மூன்றுமாக அவை குறிக்கப்பட்டன. கைப்பிசகாய்க் கொலை செய்தவன், பழிவாங்குகிறவனிடமிருந்து தப்பி ஓடிவரும் இடங்கள் அவை. இஸ்ரவேலருக்கு மட்டுமன்றி, அவர்கள் நடுவே தங்கியிருந்த அந்நியருக்கும் அவை திறந்திருந்தன.

இதை எழுதும்போது என் உள்ளம் என்னைக் குத்துகிறது. சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு, நாம் அறியாத ஒரு குடும்பம் நம் ஆலய வாசலில் வந்து நின்றது. இருக்கைகள் நிறைந்திருந்தன. நெருங்கி அமர்ந்து இடம் கொடுக்க எவரும் முன்வரவில்லை. பீடத்திலிருந்து நான் அவர்களைக் கண்டேன். பிரசங்கத்தை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டாம் பாமாலை முடிவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். அன்றைய பிரசங்கமோ, சத்திரத்தில் இடமில்லாமற்போனதைப் பற்றியது.

நம் முன்னோர் பலர் ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் நின்று அக்கரையை ஏக்கத்தோடு பார்த்தவர்களே. அன்று அவர்களுக்கு ஒருவர் இடம் கொடுத்தார். இவ்வாரம் நம் வாசலில் வந்து நிற்பவர் யார் என்பதை நாம் அறியோம். வரும் ஞாயிறு முதல் பின்வரிசை இரண்டை நாம் நிரப்பாமல் விட்டு வைப்போம். அறியாத முகம் ஒன்று வந்தால், பெயர் கேட்பதற்கு முன் அமர இடம் காட்டுவோம்.

ஜெபம்: எங்களுக்கு அடைக்கலமான ஆண்டவரே, எங்கள் வாசலில் நிற்கிறவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.