வங்காளச் சீமைமாதுளையும் யாழ்ப்பாணத்து வில்வமும்

ஒரு மரத்தின் பெயரை ஆராயப் புகுந்தோர் சில வேளைகளில் ஒரு நாட்டின் வரலாற்றையே ஆராய்ந்து முடிப்பதுண்டு. மேனாட்டுத் தாவர நூல்களிலே 'வங்காளச் சீமைமாதுளை' என்றொரு மரம் கூறப்படுகின்றது. அதன் விதையையோ கன்றையோ தேடிப் புறப்படுபவர் தொலைதேசம் செல்ல வேண்டுவதில்லை. நம் சிவாலயங்களின் வில்வமே அம்மரம்.

உண்மையான சீமைமாதுளை ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. காக்கேசிய மலைப்புறமும் வட ஈரானும் அதன் தாயகம். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழுந்தாலன்றி அது செவ்வையாகப் பூப்பதில்லை. ஆண்டு முழுவதும் வெம்மை நீங்காத யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதன் விதையை ஊன்றிப் பயன் காண்பது அரிது. யூனானி மருத்துவர் கையாளும் 'பிகிதானா' என்னும் உலர்விதையே நம் பக்கத்தார் அதனை அறிந்த வடிவமாகும்.

இவ்விரு மரங்களுக்கும் உறவு கற்பித்தவர் போர்த்துக்கேயர். சீமைமாதுளையை அவர்கள் 'மார்மெலோ' என்பர். அதனைச் சர்க்கரையிட்டுக் காய்ச்சிய பாகே 'மார்மெலாடா'. கோவையில் அன்று, கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா 1563ஆம் ஆண்டில் அச்சிட்ட தமது நூலில், வயிற்றோட்டத்துக்கு மருந்தாகும் வில்வக்காயை 'வங்காளத்து மார்மெலோ' என்று குறித்தார். 1753இல் லின்னேயசு தாவரங்களுக்குப் பெயர் வகுத்தபோது 'மார்மெலோசு' என்ற சொல்லையே வில்வத்துக்கு அடையாளமாக்கினார். 1800இல் கொறேயா த செர்ரா என்னும் போர்த்துக்கேய அறிஞர், கிரேக்கத் தேவகன்னி ஒருத்தியின் பெயரால் 'ஈகிள்' என்ற பேரினத்தை வகுத்து அதில் வில்வத்தைச் சேர்த்தார். பேரினம் மாறியும் பழைய 'மார்மெலோசு' இன்றளவும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றது.

ஆனால் வில்வம் எலுமிச்சைக் குடும்பத்து மரம். சீமைமாதுளைக்கு அது எவ்வகையிலும் சுற்றமன்று. இங்கே நம் முன்னோரின் நுண்ணறிவை எண்ணிப் பார்த்தல் தகும். யாப்பிலக்கணம் பயிலும் மாணவன் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என வாய்பாடு கற்கின்றான். கருவிளம் என்பது விளா. கூவிளம் என்பது வில்வம். இவ்விரண்டையும் 'விளம்' என்னும் ஒரே சொல்லின் கீழ் இணைத்தனர் தமிழர். விளாவும் வில்வமும் ஒரே குடும்பத்தன என்பதே இன்றைய தாவரவியலின் முடிபுமாகும். குறிஞ்சிப்பாட்டிலே தொடுக்கப்பட்ட மலர்களின் வரிசையிலும் கூவிளம் இடம்பெற்றுள்ளது.

மருத்துவத்திலும் இம்மரத்தின் வரலாறு யாழ்ப்பாணத்தைத் தொட்டுச் செல்கின்றது. தசமூலம் எனப்படும் பத்து வேர்களுள் வில்வவேர் ஒன்று. 1868இல் வெளிவந்த, வேரிங்கு என்பார் தொகுத்த 'இந்திய மருந்து நூல்' வில்வப்பழத்தை ஏற்றுக்கொண்டது. அந்நூல் 'இந்து பதார்த்த சாரம்' என்ற பெயருடன் தமிழுக்கு வந்தது, 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் என்பாரின் முயற்சியினாலாகும். நம்முடைய மரம் ஆங்கிலேயரின் ஏட்டில் ஏறி, மீண்டும் தமிழாகி நம்மிடம் திரும்பிய விந்தை இது.

இனி, நல்ல இன வில்வத்தைத் தேடுவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டைக் காண்போம். பூசைக்கு வேண்டுவது இலை. எந்த விதையில் முளைத்த மரமும் மூவிலை தரும். ஆதலால் பழத்தின் இனிமை கருதி மரத்தைத் தெரிவு செய்யும் வழக்கம் நம்மிடையே குன்றியது எனலாம். சிங்களப் பகுதிகளிலோ 'பெலி' எனப் பழமும், 'பெலிமல்' எனப் பூநீரும் அன்றாட உணவாயின. அங்கே பரகம்மன, மாவனல்லை, றம்புக்கனை முதலிய பெயர்களால் சிறந்த மரவழிகள் பிரித்தறியப்பட்டுள்ளன. வட இந்தியாவிலும் நரேந்திர வில்வம், பந்த் சிவானி முதலிய தெரிவினங்கள் உண்டு.

யாழ்ப்பாணத்தில் இன்னாருடைய வளவில் நிற்கும் மரம் நார் குறைந்த, விதை குறைந்த பழம் தரும் என்ற அறிவு பெரும்பாலும் வீட்டாரின் வாய்ச்சொல்லிலேயே வாழ்வது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்களும், 1995இல் வலிகாமத்தார் பெரும்பாலோரும் தம் வளவுகளை விட்டகன்றனர். மரம் தப்பி நின்றாலும், அதன் குணத்தை அறிந்தவர் அருகில் இல்லையெனில் அது பெயரற்ற மரமே.

அத்தகைய மரத்தைக் கண்டறிந்தவர் விதையை மட்டும் நம்பலாகாது. விதைக்கன்று தாயின் குணத்தை அப்படியே கொள்வதில்லை; காய்க்கவும் ஏழெட்டு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ செல்லும். விதையிடுவோர் பசையைக் கழுவிப் புதிதாகவே ஊன்றுதல் வேண்டும். அவ்விதைக்கன்றின்மேல் தாய்மரத்தின் அரும்பை ஒட்டினால் குணம் மாறாது, காய்ப்பும் விரையும். வேரிலிருந்து எழும் பக்கக்கன்றும் தாயை ஒத்ததே. எனினும் தாய் ஒட்டுமரமாயின், அக்கன்று அடிமரத்தின் குணத்தையே காட்டும் என்பதை மறத்தலாகாது. பிறநாட்டுக் கன்றை மறைவாகக் கொணர்தலும் தகாது. எலுமிச்சை, தோடை முதலியவற்றைத் தாக்கும் நோயும் அதனோடு கப்பலேறி வரலாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதுபற்றியே வகுக்கப்பட்டது.

ஆகவே தேடல் நம் ஊரிலேயே தொடங்குதல் நன்று. நல்ல பழம் தரும் வில்வம் எங்குண்டு என முதியோரைக் கேட்டு, ஊரையும் வளவையும் பழத்தின் இயல்பையும் எழுதிவைத்து, அம்மரத்தினின்று இரண்டொரு கன்றேனும் ஒட்டி வேறோரிடத்தில் வளர்த்தல் வேண்டும். ஒரேயொரு மரமாக நிற்கும் இனம் ஒரு புயலிலேயே இல்லாதொழியும். கூவிளம் என்ற சொல்லை இலக்கணம் காத்துத் தந்தது. அதன் நற்கனியைக் காக்கும் கடமை நம்முடையது.