குச்சிக்கு மரம் எங்கே?

சிவகாசியில் பட்டாசு உண்டு. அச்சகம் உண்டு. தீப்பெட்டி உண்டு. தீக்குச்சிக்கு மரம்? அதுதான் இல்லை! கரிசல் மண்ணில் பருத்தி வரும், கம்பு வரும். சீமைக் கருவேலம் கூப்பிடாமலே வரும். 'மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் காடு இருக்கிறதே' என்பீர்கள். அது சாம்பல் நிற அணில்களின் சரணாலயம். 2021 முதல் புலிகள் காப்பகமும்கூட. கோடாலியோடு அந்தப் பக்கம் போக முடியாது.

பிறகு எப்படி இங்கே தீப்பெட்டி வந்தது?

1922-ல் ஆங்கில அரசு, வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. ஜப்பான் சரக்கின் விலை எகிறியது. அந்தச் சமயத்தில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து, 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டி போட ஆரம்பித்தார்கள். ஸ்வீடன்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? வரிச்சுவரைத் தாண்டி உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதே 1923-ல் பிறந்தது விம்கோ.

இரண்டு பேருக்கும் ஒரே தேவை: வெள்ளையான, நேரான, மெழுகை நன்றாக உறிஞ்சுகிற மென்மரம். அதுவும் ஈரம் காயாமல் வர வேண்டும். காய்ந்த கட்டையைத் தாள் தாளாகச் சீவ வராது. சிவகாசிக்குக் கை கொடுத்தது கேரளா. அங்கே மட்டி மாதிரி மரங்களைச் சீவிக் குச்சியாக்கி மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். சின்ன முதலாளிக்கு இது சௌகரியம். குச்சி வாங்கிய காசைச் சீக்கிரமே பெட்டியாக விற்று எடுத்துவிடலாம். மரம் நட்டுக் காத்திருக்க அவரிடம் முதல் ஏது?

விம்கோவிடம் இருந்தது. உத்தரப்பிரதேசத்தின் தராய் பகுதி விவசாயிகளுக்குப் பாப்லர் கன்று கொடுத்தது. 1984-ல் நபார்டு ஆதரவோடு வங்கிக் கடனும் கிடைத்தது. மரத்துக்கு நடுவே கோதுமை போட்டுக்கொள்ளலாம். மரம் முற்றியதும் இன்ன விலைக்கு நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று உத்தரவாதம்! அப்புறம் நடந்தது வேடிக்கை. பிளைவுட்காரர்கள் கூடுதல் விலை சொல்ல, குச்சிக்கு நட்ட மரம் யமுனாநகருக்கு வண்டி ஏறியது. எல்லோரும் நட ஆரம்பித்ததும், 2000-களின் தொடக்கத்தில் விலை விழுந்தது.

பி.காம். பாஷையில் சொன்னால், மரம் என்பது வருஷக்கணக்கில் செலவுப் பக்கம் மட்டுமே நிரம்புகிற பேரேடு. வரவு கடைசியில் ஒரே ஒரு வரி. 1990-களில் நம்மூரில் முளைத்த தேக்குக் கம்பெனிகள் அந்த ஒரு வரியைத்தான் கனவாக்கி விற்றன. பணம் போட்டவர்கள் அழுத பிறகு, 1999-ல் செபி விதிமுறை கொண்டுவந்தது.

இதற்கிடையே 1988-ன் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ளச் சொன்னது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காட்டில் மரம் வெட்டக் கடிவாளம் போட்டது. 2008-க்குப் பிறகு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, விவசாயி, ஆலை, வங்கி மூவரையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, தீக்குச்சி மரத்தையும் அந்தப் பட்டியலில் வைத்தது.

பெருமரம் மானாவாரியிலும் வளரும். விருதுநகர் மாவட்டத்தில் யாராவது நட நினைத்தால், கன்று கிடைப்பது பெரிய விஷயமில்லை. யார் வாங்குவார்? குறைந்தபட்ச விலை என்ன? நடுவில் பணமுடை வந்தால் யார் கொடுப்பார்? இந்த மூன்றையும் கையெழுத்தோடு எழுதி வாங்கிவிட்டு, அப்புறம் குழி தோண்டுங்கள்.