தேயிலைச் சக்கை எந்தப் பையில்? வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு குப்பைக் கையேடு

மஸ்கெலியாவில் தேத்தண்ணி வடித்த சக்கையை எங்கே போடுவது என்று யாரும் யோசிப்பதில்லை. லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்தியில் கொட்டினால் பசளையாகிவிடும். அதே சக்கையைத் தென் கொரியாவில் உணவுக் கழிவோடு போட்டால் தவறு. ஜப்பானில் பெரும்பாலும் அது எரிக்கும் குப்பை.

வேலைக்காக வெளிநாடு போகும் நம் இளைஞர்கள் முதல் வாரத்திலேயே தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று. குப்பை கடைசியில் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் விதிகள் தாமாகவே நினைவில் நிற்கும்.

தென் கொரியா

இங்கு 1995 முதல் குப்பைக்கு அளவுப்படி கட்டணம். உங்கள் பகுதியின் பெயர் அச்சிட்ட பையைக் கடையில் வாங்கி, அதில்தான் சாதாரணக் குப்பையைப் போட வேண்டும். பையின் விலையே கட்டணம். போத்தல், டின், கடதாசி ஆகியவற்றைக் கழுவிப் பிரித்து வைத்தால் பை தேவையில்லை, செலவும் குறையும்.

உணவுக் கழிவு தனி. அதில் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகவோ பசளையாகவோ மாற்றப்படுகிறது. ஆகவே "இதை ஒரு மிருகம் தின்னுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கோழி எலும்பு, முட்டைக் கோது, காய்ந்த வெங்காயத் தோல், சிரட்டை, தேயிலைச் சக்கை ஆகியவை பொதுவாகச் சாதாரணக் குப்பைக்கே போகும். விதியை மீறினால் 10 இலட்சம் வொன் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஜப்பான்

சமையலறைக் கழிவைப் பெரும்பாலான நகரங்கள் எரிக்கின்றன. ஈரம் இருந்தால் எளிதில் எரியாது என்பதால் தண்ணீரை நன்றாக வடித்துவிட வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நாள் உண்டு. அன்று காலையில், குறித்த நேரத்துக்கு முன் பையை வைக்க வேண்டும். தவறான பையை எடுக்காமல், அறிவித்தல் ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள். விதி நகரத்துக்கு நகரம் மாறும். கமிகட்சு என்ற சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

• வீட்டு உரிமையாளரிடமோ கம்பனியிலோ குப்பை நாட்காட்டியைக் கேட்டு வாங்குங்கள். சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள்.
• பக்கத்து வீட்டார் எந்த நாளில் எந்தப் பையை வைக்கிறார்கள் என்று கவனியுங்கள்.
• பிளாஸ்டிக் போத்தலைக் கழுவி, லேபலை உரித்துவிடுங்கள். மூடியைக் கழற்றுவதா என்பதை அந்த ஊர் விதியில் பாருங்கள்.
• மெத்தை, அலுமாரி போன்றவற்றைத் தெருவில் விடாதீர்கள். முன்கூட்டி அறிவித்து, கட்டணம் செலுத்த வேண்டும்.
• வேறு ஊருக்கு மாறினால் பழைய விதியை மறந்து புதிதாகக் கேளுங்கள்.

திரும்பி வரும்போது

இரண்டு வருடம் ஒழுங்காகப் பிரித்துப் பழகியவர் ஊருக்கு வந்தால் பிரித்த பையைக் கொடுக்க இடமில்லை. குப்பை வண்டி வராத லயங்களில் கானும் ஆற்றோரமும்தான் குப்பைமேடு. "தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது" என்ற பேச்சு இன்றும் கேட்கிறது. ஆனால் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல்தான். மஸ்கெலியாவுக்கெனத் தனிப் பிரதேச சபை வந்ததும் அதே ஆண்டில்தான்.

பொலித்தீன் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் தடை. எரிக்கவும் கூடாது, வண்டியும் வராது என்றால் குப்பை மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். அந்த நீர் களனி கங்கையில் சேர்ந்து, கொழும்பின் குடிநீரிலும் பங்காகிறது.

கொரியாவிலும் ஜப்பானிலும் சில வாரங்களில் இதைக் கற்றுக்கொள்பவர்கள் இதே லயத்துப் பிள்ளைகள்தான். அங்கே அவர்களுக்குக் கிடைப்பது ஒரு நாட்காட்டியும் சொன்ன நாளில் வரும் வண்டியும். அந்த இரண்டையும் மஸ்கெலியாவிலும் கேட்க வேண்டும்.