கோட்-டெ-நெய்ஜில் படச்சுருளும் பேருந்தும்

1910இல் மொன்றியலோடு இணைந்த கோட்-டெ-நெய்ஜ், 1959இல் நகரின் டிராம் வண்டிகள் ஓய்ந்தபின் பேருந்துகளையே பெரிதும் நம்பியிருந்தது. நகரின் சுரங்க ரயில் 1966இலேயே ஓடத் தொடங்கியும், இப்பகுதியின் பெயர் தாங்கிய நிலையம் 1988 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது என்பதால், 1983க்குப் பின் இங்குக் குடியேறிய ஈழத்தமிழரும் பனியில் காத்து நிற்க நேர்ந்தது. அத்தாமதம் சிறு குறையன்று.

படச்சுருள், அதாவது ஒளியுணர் பூச்சுள்ள நெகிழி நாடா, கொண்டு படமெடுப்போருக்கு அக்காத்திருப்பு இருமடங்கு கடினம்: கடுங்குளிரில் சுருள் விறைத்து ஒடியும், மின்கலம் சோரும், வெதுவெதுப்பான வண்டிக்குள் ஏறியதும் வில்லையில் நீர் படியும். 1856இல் மொன்றியல் வந்த புகைப்படக்கலைஞர் வில்லியம் நாட்மன், பனிக்காட்சிகளை உப்பும் ஆட்டுரோமமும் கொண்டு படப்பிடிப்புக்கூடத்துக்குள்ளேயே அமைத்தது, இவ்விடரை அறிந்தோர் மெச்சத்தக்க கூர்மதி.