நித்தியகல்யாணியின் கதை



யான் வட்டாரத்தில், குனோங் ஜெராய் அடிவாரத்து வீடுகளின் வாசலிலே நாம் நித்தியகல்யாணியை வளர்க்கிறோம். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் ஆண்டு முழுவதும் பூப்பதால் அதற்கு அந்தப் பெயர். சுடுகாட்டு மல்லி என்றும் நம் பெரியவர்கள் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். ஆனால் அதன் தாயகம் இந்தியாவும் அல்ல, சீனாவும் அல்ல. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கேயுள்ள மடகாஸ்கர் தீவு. நம் முன்னோரைப் போலவே அதுவும் கடல் கடந்து வந்து இம்மண்ணில் வேரூன்றியது.

போன இடமெல்லாம் அது கைவைத்தியத்தில் இடம் பிடித்தது. அதன் இலையைக் காய்ச்சிக் குடித்தால் இனிப்பு நீர் குறையும் என்று ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் நம்பினார்கள். நம்மவரிடையேயும் அந்த நம்பிக்கை உண்டு.

1950களில் ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடா நாட்டு ஆய்வாளர் ராபர்ட் நோபிள் சோதித்தார். சாற்றைக் குடித்த எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. அதையே ஊசி வழியாகச் செலுத்தியபோது, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்தன. நோய்க்கிருமிகளை எதிர்க்க முடியாமல் எலிகள் மாண்டன.

வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா என்ற கேள்வி பிறந்தது. நோபிளும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் என்ற மருந்து 1958இல் உலகுக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தாரும் அதே செடியை ஆராய்ந்து வின்கிரிஸ்டினைக் கண்டார்கள். 1963இல் அந்நாட்டு அரசு அதற்கு அனுமதி அளித்தது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் அது முக்கியமான மருந்து.

இந்த வரலாற்றில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. புற்றணுவை அழிக்கும் அதே நஞ்சு, நல்ல அணுக்களையும் நரம்புகளையும் தாக்கும். மருத்துவர் அதை அளந்து, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்கிறார். நம் அடுப்பில் கொதிக்கும் சட்டிக்கு அந்த அளவு தெரியாது. இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தை நம்பினால் இரட்டைக் கேடு: சர்க்கரையும் ஏறும், நஞ்சும் சேரும்.

கைவைத்தியம் செடியைச் சுட்டிக்காட்டியது. சோதனைதான் அது எந்த நோய்க்கு, எவ்வளவு என்று சொன்னது. ஆகவே பூவைப் பூசைக்குப் பறிப்போம்; மருந்தை மருத்துவரிடம் பெறுவோம்.