ஓடுபாதையிலிருந்து நூறடிச் சாலைக்கு: சென்னையில் வேகக் கார்கள் இடம் மாறிய வரலாறு

சென்னையின் நீளமான சாலைகளில் நள்ளிரவுக்குப் பிறகு கார்களும் பைக்குகளும் பந்தயம் விடுவதும், போலீசார் தடுப்பு வைத்து வண்டிகளைப் பிடிப்பதும் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. நூறடிச் சாலை எனப்படும், வடபழனி வழியாகப் போகும் ஜவஹர்லால் நேரு சாலை, மெரினாவை ஒட்டிய காமராசர் சாலை, கிழக்குக் கடற்கரைச் சாலை என்று இடங்கள் மாறலாம்; நாம் சொல்லும் காரணம் மட்டும் மாறுவதில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் திமிர், சினிமாவின் பாதிப்பு, பெற்றோரின் கண்டிப்பின்மை என்று அதை முடித்துவிடுகிறோம். இவற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எல்லா ஊர்களிலும் எல்லாக் காலத்திலும் இருக்கும் இளமைத் துடிப்பைக் காட்டி, ஒரு குறிப்பிட்ட ஊரில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் நடந்த மாற்றத்தை விளக்க முடியாது. வேகக் கார் கட்டுவதற்கும் அதை ஓட்டிப் பார்ப்பதற்கும் இந்நகரில் ஒரு காலத்தில் இடம் இருந்தது. பந்தயம் தொழில்முறைக்கு உயர்ந்தபோது அந்த இடம் சாதாரணக் கார்க்காரரின் கையை விட்டுப் போனது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் கார்களின் வேகம் பல மடங்கு ஏறியது. தெருவில் நாம் பார்ப்பது இந்த இரண்டும் சேர்ந்த விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வண்டியைக் கையால் கட்டும் மரபு சென்னைக்குப் புதிதன்று. சிம்ப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் இங்கேயே ஒரு நீராவிக் காரைக் கட்டி ஓட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1953இல், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அதற்குக் கிடைத்த களம் நகருக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டு, போர் முடிந்ததும் கைவிடப்பட்ட விமான ஓடுபாதை அது. விமானம் ஏறி இறங்கப் போட்ட பாதை என்பதால் நீண்ட நேர்கோடுதான் அதன் சொத்து. வளைவுகளை வைக்கோல் கட்டும் பீப்பாயும் வைத்து உண்டாக்கிக்கொண்டார்கள். அங்கே பந்தயக் கார் என்று தனியாகச் செய்த வண்டிகள் இருந்தன, வெளிநாட்டிலிருந்து வந்தவையும் இருந்தன. 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் பார்முலா ஒன் காரையே அங்கு ஓட்டினார். ஆனால் சோழவரத்தை நாம் மறக்கக் கூடாத இடமாக்கியவை அவையல்ல. வாரநாளில் வீட்டு வாசலில் நின்ற பியட், நகரின் தென்புறத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சாதாரண வண்டிகளும் அதே ஓடுபாதையில் இறங்க முடிந்தது. அங்கே தெருக் காருக்கும் பந்தயக் காருக்கும் நடுவில் இருந்த வேலி உயரமானதன்று.

அந்தக் கார்களில் என்ன செய்தார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 1089 சிசி பியட் என்ஜினின் திறன் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். அதைக் கூட்டுவதற்குச் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அடிப்பரப்பைக் கொஞ்சம் சீவி எடுப்பார்கள். எரி அறை சிறுத்து அமுக்கவிகிதம் ஏறும். ஒவ்வொரு வெடிப்பிலும் கிடைக்கும் விசை கூடும். காற்றும் பெட்ரோலும் வரும் வாசல்களை உள்ளே ராவி வழவழப்பாக்குவார்கள். கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட் போடுவார்கள். சீவியது ஒரு மயிரிழை கூடிப்போனாலும், அன்று கிடைத்த ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் என்ஜின் நாக்கிங் எடுத்து பிஸ்டனில் ஓட்டை விழும். அதனால் சீவுவது, கேட்பது, ஓட்டுவது, மறுபடி கழற்றுவது என்று மாதக்கணக்கில் வேலை போகும். வேகம் அளந்து அளந்து சம்பாதிக்கப்பட்டது. சினிமா கம்பெனிகளின் வண்டிகளைப் பார்த்துவந்த வடபழனி, கோடம்பாக்கம் பக்கத்துப் பட்டறைகளிலும், புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளிலும் இருந்தவர்கள் கற்றுவைத்திருந்ததும் இந்த அறிவுதான். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத இந்தப் படிப்புக்குத் தேர்வுக்கூடமாக ஓடுபாதை இருந்தது. யார் சொன்னது சரி என்பதைக் கடிகாரம் தீர்த்துவைத்தது.

1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் திறக்கப்பட்டு, பந்தயங்கள் சோழவரத்திலிருந்து அங்கே மாறியபோது இந்தக் கதை திரும்பியது. மெட்ராஸ் கிளப் தன் சொந்த முயற்சியில் நாட்டின் முதல் நிரந்தரப் பந்தயத் தடத்தைக் கட்டியது உண்மையிலேயே பெருஞ்சாதனை. 3.7 கிலோமீட்டர் நீளம், முறையாக வகுத்த வளைவுகள், ஓடுபாதையில் கிடைக்காத பாதுகாப்பு ஆகியவை அதனால் வந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800இன் 796 சிசி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பார்முலா மாருதி என்று அறியப்பட்ட அந்த வண்டி, இறக்குமதிக்கு வழியில்லாத இளைஞர்களுக்குக் கதவு திறந்தது. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தது இத்துறைக்கு ஏற்பட்ட பேரிழப்பு. 2005இல் நரேன் கார்த்திகேயனும் 2010இல் கருண் சந்தோக்கும் பார்முலா ஒன் களத்துக்குப் போனதற்குப் பின்னால் தமிழ்நாட்டின் இந்த அடித்தளம் இருக்கிறது. இருந்தும், ஒன்றைப் பெற்றபோது இன்னொன்றை இழந்தோம். புதிய தடம் வளைவுகளில் ஓட்டும் திறமைக்கானது. ஒற்றை இருக்கைக் கார், உரிமம், அணி, ஆதரவு நிறுவனம் ஆகியவற்றை எதிர்பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காரில் வந்து நேர்கோட்டில் ஒருமுறை ஓட்டி நேரம் பார்த்துவிட்டு, அதே காரில் வீடு திரும்புகிறவருக்கான வழக்கமான ஏற்பாடு அதில் இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். சோழவரம் இருந்த காலத்திலும் தெருவில் பந்தயம் விட்டார்களே என்பது முதலாவது. விட்டார்கள்தான். ஓடுபாதை தெருப் பந்தயத்தை ஒழித்தது என்று நான் சொல்லவில்லை. பந்தயம் பிடித்தவனுக்குத் தெருவைத் தவிர இன்னொரு இடமும் இருந்தது என்று மட்டுமே சொல்கிறேன். இன்னொரு இடம் இருக்கும்போதுதான் தெருவில் ஓட்டுபவனை அவனுடைய கூட்டாளிகளே மட்டமாகப் பார்ப்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் நேர்கோட்டில் ஓட்டும் தேசிய டிராக் (drag) பந்தயங்கள் நடந்திருக்கின்றனவே என்பது இரண்டாவது மறுப்பு. நடந்திருக்கின்றன, பெங்களூரின் ஹேமந்த் முத்தப்பா போன்ற சாம்பியன்கள் அங்கே புகழ் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்களுக்கானவை, ஆண்டில் சில நாட்களுக்கு மட்டுமானவை. சாம்பியன்ஷிப் என்பது திறமையின் உச்சியைத் தேடும் ஏற்பாடு. வழக்கமாகத் திறந்திருக்கும் ஓடுபாதை செய்யும் வேலை வேறு.

இடம் சுருங்கிய அதே காலத்தில் கார்கள் பெருத்தன. 1998இல் ஹூண்டாய், பந்தயத் தடம் இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவைத் தயாரிக்கத் தொடங்கியது. மிட்சுபிஷி லான்சர் திருவள்ளூர்த் தொழிற்சாலையிலிருந்தும், 1999இல் போர்டு ஐகான் மறைமலை நகரிலிருந்தும் வந்தன. 40 குதிரைத்திறனிலிருந்து 90, 100 என்று போக, கட்டுபவர் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஷோரூமில் தவணை கட்டினால் போதும். பிறகு டர்போ கார்கள் வந்தன. அவற்றில் ஹெட்டைச் சீவும் வேலையே இல்லை. என்ஜினை ஆளும் கணினிப் பெட்டியில் மடிக்கணினியைச் செருகி, டர்போவின் அழுத்தத்தையும் பற்றவைக்கும் நேரத்தையும் மாற்றி எழுதினால் ஒரு பிற்பகலில் திறன் ஏறிவிடும். ஆனால் பிரேக், டயர், கிளட்ச் எல்லாம் பழைய அளவிலேயே நிற்கும். கட்டும் வேலை எளிதான அளவுக்கு, கட்டும்போது வரும் அறிவும் குறைந்தது. இக்கதையில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

இந்த அறிவு பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்குப் போகவும் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. பந்தய வண்டிகள் கட்டிப் பழகிய கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடா மோட்டார்ஸுடன் சேர்ந்து 2018இல் டியாகோ, டிகோர் கார்களின் வேக வடிவங்களைக் கொண்டுவந்தது. சஸ்பென்ஷனையும் சேர்த்து மாற்றி, உத்தரவாதத்தோடு விற்ற கார்கள் அவை. அந்தக் கூட்டு முயற்சி 2020இல் முடிவுக்கு வந்தாலும், வேகத்தைப் பொறுப்போடு கட்ட இங்கே ஆளில்லை என்ற பேச்சுக்கு அது பதில்.

சட்டம் இக்காலத்தில் மாற்றத்தையே தடுக்கும் பக்கம் சாய்ந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பதிவுச் சான்றில் உள்ளபடியே வண்டி இருக்க வேண்டும் என்பதில் பொதுநலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இச்சட்டம் வேகத்தின் ஊற்று மாற்றத்தில்தான் இருக்கிறது என்று கருதுகிறது. 2024இல் இங்கு விற்பனைக்கு வந்த பிஒய்டி சீல் மின்காரின் உயர்நிலை வடிவம் 530 குதிரைத்திறன் கொண்டது; நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.8 நொடியில் எட்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஒரு திருகாணிகூட மாற்றாமல், முழுச் சட்டப்படி, அது டிராக் பந்தயத்துக்கு ஏற்ற தெருக் கார். 52ஆம் பிரிவுக்கு அதனிடம் வேலை இல்லை.

டிராக் பந்தயத்தின் வழக்கமான தூரம் கால் மைல், 402 மீட்டர். அதை 12 நொடியில் கடக்கும் கார் கோட்டைத் தாண்டும்போது ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நொடிக்கு 50 மீட்டர். ஓட்டுநர் சுதாரித்து, நல்ல பிரேக்கில், உலர்ந்த சாலையில் நிறுத்த இன்னும் 200 மீட்டராவது வேண்டும். மொத்தம் 600 மீட்டர். நூறடிச் சாலையில் அந்தத் தூரத்துக்குள் குறுக்குத் தெரு உண்டு, பேருந்து நிறுத்தம் உண்டு, மெட்ரோத் தூண்கள் வரிசையாக உண்டு, பின்னிரவில் வேலை முடிந்து சாலையைக் கடப்பவர் உண்டு. 2023 நவம்பர் முதல் சென்னையில் கார்களுக்கு உச்ச வேகம் 60. அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் மோதலின் ஆற்றல் ஒன்பது மடங்கு. தெருப் பந்தயத்துக்குச் சாதகமாகச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை என்பதற்கு இந்தக் கணக்கு போதும். ஓடுபாதை வேண்டும் என்ற வாதத்துக்கும் இதே கணக்குதான் ஆதாரம்.

ஓடுபாதை கொடுத்தால் வேக வெறி வளரும் என்பார்கள். கடுமையான மறுப்பு இதுதான். அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் போருக்குப் பிறகு இதே கேள்வி எழுந்தது. 1950இல் சான்டா அனா விமான நிலைய ஓடுபாதையில் ஞாயிறுதோறும் டிராக் பந்தயம் தொடங்கியது. வாலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்தது இளைஞர்களைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்துவதற்காக. பொமோனாவில் 1953இல் அதன் முதல் பந்தயம் போலீசாரின் ஒத்துழைப்போடு நடந்தது. அங்கே தெருப் பந்தயம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. அப்படிச் சொல்வது பொய். ஆனால் வண்டியைப் பரிசோதித்து, தலைக்கவசம் பார்த்து, எண்ணெய்க் கசிவு இருந்தால் திருப்பி அனுப்பும் ஒரு பழக்கம் வேரூன்றியது. அங்கே 2005 முதல் நடக்கும் ‘டிராக் வீக்’ போட்டியில், நாளொரு தடத்தில் ஓட்டி, அதே காரில் அடுத்த ஊருக்குச் சாலை விதிப்படி போக வேண்டும். பெருவேகக் காரைப் பொதுச் சாலையில் அடக்கமாக ஓட்டுவதே அங்கே போட்டியின் பாதி. சோழவரமும் சான்டா அனாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மாதிரி ஓடுபாதைகளில் தொடங்கியவை. அவர்கள் நேர்கோட்டைக் கைவிடவில்லை, நாம் வளைவுகளுக்குப் போனோம்.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படி ஓர் ஓடுபாதைக்கு வழியே இல்லை என்பதும் சரியன்று. 189ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் விடுவதையே குற்றமாக்குகிறது. முன்பு 500 ரூபாயாக இருந்த அபராதம் 2019 திருத்தத்தில் 5,000 ஆனது, மறுமுறை 10,000. சிறைக் காலமும் கூடியது. இசைவு தரும் அதிகாரம் அப்படியே இருக்கிறது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பொதுச் சாலையில் பார்முலா 4 இரவுப் பந்தயம், உயர் நீதிமன்ற வழக்கையும் கடந்து, அரசின் முழு ஆதரவோடு நடந்தது. அண்ணா சாலையின் ஒரு பகுதியையே அடைத்துத் தடுப்பு எழுப்ப முடிந்த அரசுக்கு, ஊருக்கு வெளியே 600 மீட்டர் நேர்கோட்டை மாதத்துக்கு ஒரு ஞாயிறு திறந்துவிடுவது செலவிலும் சிரமத்திலும் மிகச் சிறிய வேலை.

அதற்கு முன் ஒரு தடையை நீக்க வேண்டும், அது காவல் துறையிடம் இல்லை. இந்தியாவில் தனியார் காருக்குத் தரும் வழக்கமான காப்பீட்டுப் பத்திரம், ஏற்பாடு செய்த பந்தயத்தையும் வேகச் சோதனையையும் காப்புக்கு வெளியே நிறுத்துகிறது. சொந்தக் காரில் நேர்மையாகத் தடத்துக்குப் போகிறவருக்கும் அங்கே காப்பு கிடையாது. ஒருநாள் தடக் காப்பீடு என்று ஒன்றைக் குறைந்த கட்டணத்தில், வண்டிப் பரிசோதனையை நிபந்தனையாக வைத்து, மோட்டார் கிளப்புகளும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கலாம். ஓடுபாதைக்கான பேச்சு அங்கிருந்து தொடங்கலாம்.